வாசிப்புக் கருவியும் வாசகர் உடைமையும்: பலகைக்கணினி – மின்னூல் வாசிப்பான் போட்டி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

புதிதாகத் தோன்றும் சாதனமொன்று ஏலவே நிலவும் சாதனமொன்றினை அழித்துவிடுமா என்ற வினா நவீன கால வரலாற்றிலே திரும்பத் திரும்ப எழுப்பப்பட்டு வந்துள்ளது. வானொலி செய்தித்தாளை அழிக்குமா, தொலைக்காட்சி திரைப்படத்தை அழிக்குமா என்றவாறு அவ்வக்காலங்களில் நிகழ்ந்த விவாதங்களின் வரிசையிலேயே, 2010 ஆம் ஆண்டு தொடக்கம் ஐக்கிய அமெரிக்காவின் பதிப்புத் துறையினரிடையேயும் வாசகரிடையேயும் எழுந்த விவாதமொன்றும் வைத்து நோக்கப்பட வேண்டியதாகும். நூல் வாசிப்பதற்கென்றே அமைந்த மின்னூல் வாசிப்பானை, பலவகைப் பயன்களுங் கொண்ட பலகைக்கணினி இல்லாதொழித்துவிடுமா என்பதே அவ்விவாதத்தின் பொருளாகும். முன்னதற்கு அமேசன் நிறுவனத்தின் கிண்டிலும், பின்னதற்கு அப்பிள் நிறுவனத்தின் ஐபேட்டும் எடுத்துக்காட்டுகளாக நின்றன.

அன்று அளிக்கப்பட்ட விடைகளிற் பெரும்பாலானவை இரு கருவிகளின் குணங்களையும் அருகருகே வைத்து நிறுத்துப் பார்த்தனவேயாகும். வாசிப்பான் கண்ணுக்கு இதமானது, மின்கலம் வாரக்கணக்கில் நிற்கும், விலை குறைவு என்றனர் ஒரு சாரார். ஒரே கருவியிற் படமும் பாட்டும் கடிதமும் நூலும் கிடைக்கும்போது நூலுக்கென வேறொரு கருவியை எவர் சுமப்பர் என்றனர் மறுசாரார். இருவர் கூற்றிலும் உண்மையுண்டு. ஆயினும் இரு சாராரும் ஒரு கருதுகோளைப் பொதுவாகக் கொண்டிருந்தனர். கருவிகள் தம்முட் பொருதுகின்றன, அவற்றுட் சிறந்தது வெல்லும் என்பதே அக்கருதுகோள். தொலைக்காட்சி பற்றி 1974இல் எழுதிய நூலில் றேமன்ட் வில்லியம்ஸ் மறுத்துரைத்தது இத்தகைய தொழில்நுட்ப நியதிவாதத்தையே. கருவி தானாகத் தோன்றிச் சமூகத்தை மாற்றுவதில்லை. குறிப்பிட்ட நோக்கங்களுடன், குறிப்பிட்ட நலன்களின் பொருட்டு அது தேடப்பட்டு வளர்க்கப்படுகின்றது என்பது அவரது வாதத்தின் சாரமாகும்.

அவ்வழிநின்று நோக்குமிடத்து, பலகைக்கணினிக்கும் வாசிப்பானுக்குமிடையே நிகழ்ந்ததாகத் தோன்றிய போட்டி உண்மையில் எவற்றுக்கிடையே நிகழ்ந்தது, அதில் யார் வென்றனர், யார் இழந்தனர் என்பவற்றை வரலாற்று அடிப்படையில் எடுத்துரைக்க இக்கட்டுரை முனைகின்றது.

2

வாசிப்பதற்கான கருவியும் பல்பயன் கருவியும் தொடக்கத்தில் இருவேறு எண்ணங்களாக இருக்கவில்லை என்பது முதலில் மனங்கொள்ளத்தக்கது. 1972இல் சீரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ அல்ரோ ஆய்வு நிலையத்திலிருந்த அலன் கே, எல்லா வயதுச் சிறார்க்குமான கணினியொன்றினைக் கற்பனை செய்தார். டைனாபுக் எனப் பெயரிடப்பட்ட அக்கருவி ஒரு குறிப்பேட்டின் அளவினது. நூல் வாசிக்கவும், எழுதவும், வரையவும், தானே நிரல் ஆக்கவும் உதவுவது. வாசிப்பவனே ஆக்குபவனாகவும் இருப்பான் என்ற எண்ணம் அதனுள் இருந்தது. அக்கருவி அவ்வடிவில் உற்பத்தி செய்யப்படவில்லை. பின்னர் சந்தைக்கு வந்த கருவிகளிலே, வாசிப்பு ஒரு பண்டமாகவும் ஆக்கம் வேறொரு பண்டமாகவும் பிரிந்துவிட்டன.

1998இல் ஐக்கிய அமெரிக்காவில் ரொக்கட் ஈபுக், சொஃப்ட்புக் என்னும் இரு வாசிப்புக் கருவிகள் விற்பனைக்கு வந்தன. அவற்றைத் தயாரித்த இரு நிறுவனங்களையும் 2000 ஆம் ஆண்டில் ஜெம்ஸ்ரார் என்னும் கம்பனி வாங்கிற்று. 2003இல் அத்தொழிலையே கைவிட்டது. கருவிகள் பாரமானவை, விலை உயர்ந்தவை, வாசிக்கத்தக்க நூல்களோ சில. அக்காலத்திலே பலகைக்கணினி எதுவும் இவற்றின் போட்டியாளராகப் பரவியிருக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. வாசிப்பானின் முதல் தலைமுறை எதிரியின்றியே மடிந்தது.

இரண்டாந் தலைமுறைக்கு அடித்தளமிட்டது இலத்திரனியல் மை ஆகும். மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் ஜோசப் ஜேக்கப்சனும் அவருடைய மாணவர்களும் மேற்கொண்ட ஆய்வின் பேறாக 1997இல் ஈ இங்க் என்னும் நிறுவனம் தொடங்கப்பட்டது. இம்மையின் செயற்பாடு எளிதில் விளங்கக்கூடியது. மயிரிழையளவான நுண்ணுறைகளினுள்ளே தெளிந்த திரவமொன்றில் வெண்துகள்களும் கருந்துகள்களும் எதிரெதிர் மின்னேற்றத்துடன் மிதக்கின்றன. மின்புலம் கொடுக்கப்படும் திசைக்கேற்ப ஒருவகைத் துகள் மேலெழ, மற்றது கீழே தாழும். அவ்வாறு அமைந்த பக்கம் நிலைத்து நிற்பதற்கு மேலும் மின்சாரம் வேண்டுவதில்லை. பக்கம் திரும்பும்பொழுது மாத்திரமே மின்சாரம் செலவாகும். அதன் மேற்பரப்பு, பின்னொளி கொண்ட திரவப் பளிங்குத் திரையைப்போல ஒளியை உமிழ்வதன்று. கடதாசியைப்போலச் சூழவுள்ள வெளிச்சத்தைத் தெறிக்கச் செய்வது. ஆகவே வெயிலிலும் வாசிக்கலாம். ஆனால் அசையும் படங்களைக் காட்டுவதற்கு வேண்டிய வேகம் அதற்கில்லை.

இக்குறைபாடே ஒரு விதத்தில் அக்கருவியின் இயல்பினை நிர்ணயித்தது. வேறெதற்கும் பயன்படாமையினாலேயே அது வாசிப்பதற்கென்று ஒதுக்கப்பட்டதாயிற்று. 2004இல் யப்பானில் சோனி நிறுவனம் வெளியிட்ட லிப்ரியே என்னும் கருவியே இம்மையைக் கொண்டு விற்பனைக்கு வந்த முதல் வாசிப்பானாகும். அது தோல்வியடைந்தது. தோல்விக்கான காரணங்களுள் ஒன்று ஈண்டு விதந்து கூறற்பாலது. அக்கருவிக்கெனப் பெறப்பட்ட நூல்கள் 60 நாட்களின் பின்னர் திறக்கமுடியாதனவாயின. வாசகர் காசு கொடுத்துப் பெற்றது நூலையன்று, நூலுக்கான தவணையை. கருவி கடதாசியை ஒத்திருந்தது. கருவியினூடான உறவு நூலுக்கும் வாசகருக்குமிடையே நிலவிவந்த உறவினை ஒத்திருக்கவில்லை. பின்னர் வரவிருந்த சிக்கல் யாவும் இத்தோல்வியினுள் வித்தாக இருந்தது எனலாம்.

3

2007 நவம்பர் 19 ஆந் திகதி அமேசன் நிறுவனம் கிண்டிலை 399 டொலர் விலைக்கு வெளியிட்டது. சோனியும் அதற்கு முந்திய ஆண்டிலேயே தன் புதிய வாசிப்பானை அமெரிக்காவில் விற்கத் தொடங்கியிருந்தது. இரண்டும் ஒரே வகை மையினையே கொண்டிருந்தன. வேறுபாடு திரையில் இருக்கவில்லை. கிண்டிலினுள்ளே கையடக்கத் தொலைபேசி வலையமைப்புடன் இணையும் வசதி இருந்தது. வாசகர் எங்கிருந்தாலும், கணினி எதுவுமின்றி, ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் நூலொன்றினை வாங்கமுடிந்தது. புகழ்பெற்ற புதிய நூல்கள் பெரும்பாலும் 9.99 டொலருக்கு விற்கப்பட்டன. மொத்த விலைக்கு வாங்கியதிலும் குறைந்த விலைக்கே அவற்றுட் பலவற்றை அமேசன் விற்றது.

எனவே கிண்டில், கடையை உள்ளே கொண்ட கருவி என்பதிலும் பார்க்க, கருவியின் வடிவங் கொண்ட கடை என்பதே பொருத்தமாகும். இவ்வேறுபாடு மிக முக்கியமானது. கருவியை விற்று இலாபமீட்ட வேண்டிய நிறுவனத்தின் நிலை ஒன்று. கருவியை முதலாகவே இட்டு நூலை விற்று இலாபமீட்டும் நிறுவனத்தின் நிலை வேறொன்று. 2012இல், கிண்டிற் கருவிகளைத் தாம் அடக்கவிலைக்கே விற்பதாக அமேசனின் தலைவர் ஜெஃப் பெசோஸ் வெளிப்படையாகவே கூறினார்.

இலக்கிய வரலாற்று மாணவருக்கு இது முற்றிலும் புதியதொரு நிலைமையன்று. இங்கிலாந்தில் 1842இல் தொடங்கப்பட்ட மியூடியின் வாடகை நூலகம், மூன்று தொகுதிகளாக வெளிவரும் நாவல் வடிவத்தைப் பல்லாண்டு காலம் நிலைநிறுத்திற்று. அத்தகைய நாவலொன்றின் விலை 31 சிலிங் 6 பென்ஸ். சாதாரண வாசகர் அவ்விலைக்கு நூல் வாங்கவியலாது. ஆகவே சந்தா கட்டி நூலகத்திடம் இரவல் பெற்றனர். நாவல் மூன்று தொகுதிகளாக நீண்டமைக்குக் கலைத் தேவையைக் காட்டிலும், ஒரு நூலை மூன்று பேருக்கு ஒரே வேளையில் வாடகைக்கு விடக்கூடியதாக இருந்தமையே வலுவான காரணமாகும். 1894இல் மியூடியும் டபிள்யூ. எச். சிமித்தும் அவ்வடிவம் தமக்கு இனி இலாபமளிக்காது என்று பதிப்பாளருக்கு அறிவித்தபொழுது, சில ஆண்டுகளிலேயே அது மறைந்தது. மூன்று தொகுதி நாவலை ஒரு தொகுதி நாவல் "கொன்றது" என்று கூறுவது எத்துணை மேலோட்டமானதோ, அத்துணை மேலோட்டமானதே வாசிப்பானைப் பலகைக்கணினி கொல்லுமா என்று வினவுவதும். நூலின் பௌதிக வடிவம் விநியோக உறவுகளினாலே தாங்கப்படுகின்றது. அவ்வுறவுகள் மாறும்பொழுது வடிவமும் மாறுகின்றது.

4

2010 சனவரி 27 ஆந் திகதி ஐபேட் அறிவிக்கப்பட்டது. ஏப்பிரில் 3 ஆந் திகதி 499 டொலரைத் தொடக்க விலையாகக் கொண்டு விற்பனைக்கு வந்தது. 80 நாட்களில் 30 இலட்சம் கருவிகள் விற்பனையாகின என அப்பிள் நிறுவனம் அறிவித்தது. இரண்டாண்டுகளுக்கு முன்னர், மக்கள் இப்பொழுது வாசிப்பதில்லை, ஆதலின் கிண்டிலின் அடிப்படையே பிழையானது என்ற கருத்துப்படப் பேசியிருந்த ஸ்டீவ் ஜொப்ஸ், இப்பொழுது தமது கருவியில் நூற்கடையொன்றினையும் திறந்துவைத்தார்.

அவ்வாண்டிலே நிகழ்ந்த அழிவு மறுக்கமுடியாதது. நெதர்லாந்தின் ஐரெக்ஸ் என்னும் வாசிப்பான் நிறுவனம் சூன் மாதத்தில் முறிவடைந்தது. பிளாஸ்டிக் லொஜிக் நிறுவனம் சனவரியிற் காட்சிக்கு வைத்த கருவியை ஓகஸ்ட் மாதத்திற் கைவிட்டது. ஹேர்ஸ்ட் பத்திரிகை நிறுவனத்தின் முயற்சியான ஸ்கிஃப் என்னும் வாசிப்பான் சந்தைக்கு வராமலே போயிற்று. சூன் 21 ஆந் திகதி பார்ண்ஸ் அன்ட் நோபிள் நிறுவனம் தனது நூக் வாசிப்பானின் விலையை 259 டொலரிலிருந்து 199 டொலராகக் குறைக்க, அதே நாளில் அமேசன் கிண்டிலின் விலையை 259 டொலரிலிருந்து 189 டொலராகக் குறைத்தது. பலகைக்கணினியின் வருகை வாசிப்பானின் விலையைத் தாழ்த்திற்று. விலை வீழ்ச்சியைத் தாங்கக்கூடிய கடைக்காரர் தப்பினர், கருவியை மட்டுமே நம்பியிருந்தோர் வீழ்ந்தனர். சோனி போன்றதொரு பெருநிறுவனமே 2014இல் தனது அமெரிக்க நூற்கடையை மூடி, வாடிக்கையாளரைக் கோபோ நிறுவனத்திடம் ஒப்படைக்க நேர்ந்தது.

ஆயின் அதே காலத்தில் வேறொரு களத்திலே உண்மையான போர் நிகழ்ந்துகொண்டிருந்தது. அப்பிள் நிறுவனம் பதிப்பாளருடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, நூலின் விலையைப் பதிப்பாளரே தீர்மானிப்பர். கடைக்குரிய கழிவு 30 சதவீதம். இம்முறையை அமேசனும் ஏற்கவேண்டுமென மக்மிலன் பதிப்பகம் 2010 சனவரி இறுதியில் வற்புறுத்தியபொழுது, அப்பதிப்பகத்தின் நூல்களைத் தனது தளத்தில் வாங்கமுடியாதவாறு அமேசன் செய்தது. அச்சு நூல்களும் அதற்கு விலக்காக இருக்கவில்லை. இரு நாட்களில் அமேசன் இறங்கிவந்தது. 2012 ஏப்பிரிலில் ஐக்கிய அமெரிக்க நீதித் திணைக்களம் அப்பிள் மீதும் ஐந்து பெரும் பதிப்பகங்கள் மீதும், விலையை உயர்த்தக் கூட்டுச்சேர்ந்தமைக்காக வழக்குத் தொடுத்தது. பதிப்பகங்கள் இணக்கத்துக்கு வந்தன. 2013 யூலை மாதத்தில் அப்பிளுக்கு எதிராகத் தீர்ப்பு வழங்கப்பட்டது. 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மேன்முறையீட்டை ஏற்க மறுத்ததுடன் 45 கோடி டொலர் இணக்கத் தொகை உறுதியாயிற்று. வாசகரின் பெயராலே நிகழ்ந்த இவ்வழக்கு, சட்டத்தின் நோக்கிற் சரியானதாக இருக்கலாம். எனினும் போட்டியைக் காப்பதற்காக அரசு எடுத்த நடவடிக்கை, 2009இன் இறுதியில் அமெரிக்க மின்னூற் சந்தையில் ஏறத்தாழ 90 சதவீதத்தைத் தன் கையில் வைத்திருந்த நிறுவனத்துக்கே சாதகமாக முடிந்தது. ஏகபோக முதலாளித்துவத்தில் சுதந்திரப் போட்டியென்பது எத்தகைய முரண்பாடுகளைக் கொண்டது என்பதற்கு இதனிலுஞ் சிறந்த சான்று அரிது.

இன்னொரு நிகழ்ச்சியும் இவ்விடத்து நினைவுகூரப்படல் வேண்டும். ஐபேட் விற்பனைக்கு வந்தபொழுதே கிண்டில் நூல்களை அதில் வாசிப்பதற்கான செயலியை அமேசன் வெளியிட்டது. எதிரியின் கோட்டையினுள்ளேயே தனது கடையை அது திறந்தது. செயலியினுள் நடைபெறும் விற்பனையில் 30 சதவீதத்தைத் தனக்குத் தரவேண்டுமென அப்பிள் 2011இல் விதித்தபொழுது, அவ்வாண்டு யூலையில் செயலியிலிருந்து கடைக்குச் செல்லும் பொத்தானை அமேசன் அகற்றிற்று. ஐபேட் வைத்திருந்த வாசகர் வாசிக்கலாம், அங்கேயே வாங்கவியலாது. கருவி தடையாக இருக்கவில்லை. சுங்கவாசலை யார் அமைப்பது என்பதே தடையாக இருந்தது. அவ்வாண்டு நவம்பரிலே 199 டொலருக்குத் தனது சொந்தப் பலகைக்கணினியாகிய கிண்டில் ஃபயரையும் அமேசன் சந்தைக்கு விட்டது. வாசிப்பானின் காவலர் எனக் கருதப்பட்ட நிறுவனமே பலகைக்கணினியையும் விற்கத் தொடங்கியமை, இருவகைக் கருவிகளுக்கிடையேயான போர் என்ற எண்ணத்தைச் செல்லாததாக்கிவிட்டது.

5

இனிப் புள்ளிவிபரங்களை நோக்குவோம். ஐஎச்எஸ் ஐசப்ளை நிறுவனத்தின் 2012 ஆம் ஆண்டு இறுதி மதிப்பீட்டின்படி, உலகில் அனுப்பப்பட்ட வாசிப்பான்களின் தொகை 2011இல் 2 கோடி 32 இலட்சமாக உச்சமடைந்து, 2012இல் 1 கோடி 49 இலட்சமாக வீழ்ந்தது. பியூ ஆய்வு நிலையத்தின் கணக்கெடுப்புகளின்படி, வாசிப்பான் வைத்திருந்த அமெரிக்க வளர்ந்தோர் 2014இன் தொடக்கத்தில் 32 சதவீதமாக இருந்து 2015இல் 19 சதவீதமாயினர். அவ்வாண்டில் 45 சதவீதத்தினரிடம் பலகைக்கணினி இருந்தது. இவற்றை மாத்திரம் நோக்கின் பலகைக்கணினியே வென்றது எனல் வேண்டும்.

ஆனால் அதே நிலையத்தின் வேறொரு கணக்கு, கருவியை வைத்திருத்தலைப் பற்றியதன்று. கருவியில் நூல் வாசித்தலைப் பற்றியது. 2011க்கும் 2016க்குமிடையே பலகைக்கணினியில் நூல் வாசித்தோர் 4 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாகவும், கையடக்கத் தொலைபேசியில் வாசித்தோர் 5 சதவீதத்திலிருந்து 13 சதவீதமாகவும் உயர்ந்தனர். வாசிப்பானில் வாசித்தோரோ 7 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாயினர். அதாவது, வாசிப்பானில் வாசிப்போர் தொகை குறையவில்லை, அது பெருகவுமில்லை. பெருக்கம் யாவும் வேறு கருவிகளைச் சார்ந்தது. அவ்வாண்டில் அச்சு நூல் வாசித்தோர் 65 சதவீதத்தினர் என்பதையும் உடன்வைத்து நோக்குதல் நன்று.

இங்கு ஓர் எதிர்வாதத்துக்கு உரிய மதிப்பளிக்க வேண்டும். அமேசனின் கடைத்தந்திரமே வாசிப்பானைக் காத்ததாயின், பலகைக்கணினியிலும் அதே கடை கிடைக்கும்பொழுது எவரேனும் வாசிப்பானை ஏன் வாங்கவேண்டும்? பயன்பெறுமதி என்றொன்று உண்டு என்பதே இதற்கான விடையாகும். முதல் ஐபேட்டின் எடை 680 கிராம். அவ்வாண்டு வெளிவந்த மூன்றாவது கிண்டிலின் எடை 247 கிராம். படுத்திருந்து நாவல் வாசிப்போரின் மணிக்கட்டு இவ்வேறுபாட்டை அறியும். அதனிலும் முக்கியமானது, செய்தியும் விளையாட்டும் கடிதமும் இடையில் வந்து அழைக்காத ஒரு பக்கம். நாவல் என்னும் இலக்கிய வடிவம் தனிமையில் நீண்ட நேரம் தொடர்ந்து வாசிக்கும் வாசகரை வேண்டி நின்றது. அத்தகைய வாசகரின் கவனமே இன்று விளம்பர முதலாளித்துவத்தின் மூலப்பொருளாகிவிட்டது. அக்கவனத்தைத் துண்டாடி விற்பதற்கு வாய்ப்பளிக்காத கருவியொன்றை ஒரு பகுதி வாசகர் விரும்பிப் பேணினர் என்பது வெறும் பழைமை நாட்டமன்று.

ஆயினும் பயன்பெறுமதி தானாகவே ஒரு பண்டத்தைச் சந்தையில் வாழவைப்பதில்லை. ஐரெக்ஸ் கருவிக்கும் சோனிக் கருவிக்கும் இதே பயன்பெறுமதி இருந்தது. பரிமாற்றத்தினூடாக இலாபம் பெறும் வழி உள்ளவிடத்தே மாத்திரம் அப்பயன்பெறுமதி தொடர்ந்து உற்பத்தி செய்யப்பட்டது. இவ்விரு பெறுமதிகளின் முரண்பாட்டையும் ஒருங்கே கொள்ளாத விளக்கம் எதுவும் முழுமையானதாகாது.

இம்முரண்பாட்டின் அடுத்த கட்டத்தையும் நாம் கண்டுள்ளோம். பலகைக்கணினிச் சந்தையே 2015இல் சரியத் தொடங்கிற்று. அதன் இடத்தைப் பெரிய திரை கொண்ட தொலைபேசி பற்றிக்கொண்டது. வாசிப்பான் 2012 தொடக்கம் முன்னொளி பெற்றது; 2022இல் வெளிவந்த கிண்டில் ஸ்கிரைப் எழுதுகோலை ஏற்றது; 2024இல் வண்ணத் திரை கொண்ட கிண்டிலும் வந்தது. ஒதுக்கப்பட்ட கருவி மெல்ல மெல்லப் பல்பயன் கருவியாக மாறிவருகின்றது. அரை நூற்றாண்டுக்கு முன்னர் அலன் கே கண்ட கனவின் புறத்தோற்றம் திரும்பி வந்துள்ளது. அதன் உள்ளீடு, அதாவது கருவி அதனைப் பயன்படுத்துவோரின் ஆட்சிக்குட்பட்டிருத்தல், திரும்பி வரவில்லை.

6

இவ்விடத்தே எமது விவாதத்தின் மையத்துக்கு வருகின்றோம். ஐக்கிய அமெரிக்காவில் 1908இல் உச்ச நீதிமன்றம், பொப்ஸ்-மெரில் என்னும் பதிப்பகம் தொடுத்த வழக்கிலே, ஒரு நூல் ஒருமுறை விற்கப்பட்டபின் அதன் மறுவிற்பனை விலையைப் பதிப்பாளர் கட்டுப்படுத்தவியலாது என்று தீர்ப்பளித்தது. வாங்கியவர் நூலை விற்கலாம், கொடுக்கலாம், பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம். பழைய புத்தகக் கடையும் இரவல் நூலகமும் அங்கு அத்தகைய உரிமையின் மீதே நின்றன. வறிய மாணவன் நூலைப் பெற்றதும் பெரும்பாலும் இவ்விரு வழிகளினாலேயே. மின்னூலில் வாசகர் வாங்குவது நூலையன்று, நிபந்தனைகளுக்குட்பட்ட அனுமதியொன்றினையே.

இதன் பொருள் 2009 யூலையில் எவர்க்கும் புலனாயிற்று. உரிய உரிமையின்றி ஒரு நிறுவனத்தால் விற்பனைக்கு விடப்பட்ட ஜோர்ஜ் ஓர்வெலின் "1984", "விலங்குப் பண்ணை" ஆகிய நூல்களை, வாங்கியோரின் கிண்டில்களிலிருந்து அமேசன் தொலைவிலிருந்தே நீக்கிப் பணத்தைத் திருப்பியளித்தது. தனது பாடக் குறிப்புகள் பயனற்றுப்போனதாக ஒரு மாணவர் வழக்குத் தொடுத்தார். நிறுவனத்தின் தலைவர் மன்னிப்புக் கோரினார். அந்நாவல்களின் பொருள் காரணமாகப் பலர் இந்நிகழ்ச்சியை ஓர் அங்கதமாகவே கொண்டனர். அங்கதத்திலும் பார்க்க முக்கியமானது, நீக்கும் ஆற்றல் கருவியிற் பொருத்தப்பட்டிருந்தது என்பதே. 2019இல் மைக்ரோசொஃப்ட் தனது நூற்கடையை மூடியபொழுது வாங்கப்பட்ட நூல்கள் யாவும், பணம் திருப்பியளிக்கப்பட்டு, மறைந்தன. 2023 சூன் 30 ஆந் திகதியுடன் சீனாவில் கிண்டில் நூற்கடை மூடப்பட்டது. 2025 பெப்ருவரி 26 ஆந் திகதி முதல், வாங்கிய கிண்டில் நூல்களின் பிரதியைத் தமது கணினியில் இறக்கி வைத்திருக்கும் வசதியை அமேசன் நிறுத்திவிட்டது. அதே ஆண்டு சனவரி முதல், இத்தகைய விற்பனை அனுமதி வழங்கல் மாத்திரமே என்பதை வாங்குவோருக்குத் தெளிவாக அறிவிக்க வேண்டுமெனக் கலிபோர்னியாவிற் சட்டமொன்று நடைமுறைக்கு வந்தது. சட்டம் வாசகரின் உடைமையை மீட்டுத் தரவில்லை. உடைமை இல்லை என்பதை அவருக்கு அறிவித்தது.

எழுத்தாளரின் நிலையும் இதிலிருந்து விலகியதன்று. 2014இல் தொடங்கிய கிண்டில் அன்லிமிட்டெட் என்னும் மாதச் சந்தாத் திட்டத்தில், தாமே நூல் வெளியிடும் எழுத்தாளருக்கு 2015 யூலை முதல் வாசிக்கப்பட்ட பக்கங்களின் எண்ணிக்கைப்படியே ஊதியம் வழங்கப்படுகின்றது. அதற்கான மாத நிதியின் அளவை அமேசனே தீர்மானிக்கின்றது. 1867இல் வெளிவந்த "மூலதனம்" முதலாந் தொகுதியில், துண்டுக் கூலியே முதலாளித்துவ உற்பத்தி முறைக்கு மிகவும் பொருந்திய கூலி வடிவம் எனக் காட்டிய மார்க்ஸ், அவ்வடிவத்தில் உழைப்பின் தரமும் செறிவும் கூலியினாலேயே கண்காணிக்கப்படுகின்றன என்றார். துணிக்கும் ஆணிக்கும் கூறப்பட்டது இன்று பக்கத்துக்குப் பொருந்துகின்றது. வாசகர் எவ்விடத்தில் நூலை மூடினார் என்பதை அறியும் கருவி, எழுத்தாளரின் உழைப்பை அளக்கும் கோலாகவும் ஆகிவிட்டது. அவ்வாசகர் கிண்டிலைக் கையில் வைத்திருந்தாரா, ஐபேட்டை வைத்திருந்தாரா, தொலைபேசியை வைத்திருந்தாரா என்பது அந்தக் கோலுக்குப் பொருட்டன்று.

7

தமிழ் வாசகருக்கு இவ்வரலாறு தொலைவிலுள்ள ஒன்றன்று. 2016 டிசெம்பரில் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளின் மின்னூல்களை அமேசன் தனது இந்தியக் கடையில் விற்கத் தொடங்கிற்று. ஆனால் தமிழில் மின்னூலின் வரலாறு அக்கடையிலிருந்து தொடங்கவில்லை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலரின் உழைப்பினாலே பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி எவரும் பெறத்தக்கனவாக்கிற்று. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் ஒளிவருடி ஆவணப்படுத்தி வருகின்றது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டதை அறிந்த ஒரு சமூகத்திலே, பிரதி எங்கே இருக்கின்றது, யார் கையில் இருக்கின்றது என்பது வெறும் தொழில்நுட்ப வினாவன்று.

இங்கே கருவி பற்றிய கேள்வியும் வேறு வடிவம் பெறுகின்றது. ஒளிவருடப்பட்ட பக்கம் ஒரு படமாகும்; ஆறு அங்குல வாசிப்பானின் திரைக்கேற்ப அதன் எழுத்துகள் மீளமைவதில்லை. ஆகவே பழைய ஈழத்துச் சஞ்சிகையொன்றினை வாசிக்க விரும்பும் மாணவனுக்குப் பலகைக்கணினியின் பெரிய திரையே உதவும். தட்டெழுதப்பட்ட நூலுக்கோ வாசிப்பான் போதுமானது; 2013இல் தொடங்கிய கட்டற்ற தமிழ் மின்னூல் முயற்சி, பொதும உரிமத்தின்கீழ் வெளியிடும் நூல்களை ஆறு அங்குலத் திரைக்கேற்ற வடிவிலும் தனியாக ஆக்கித் தந்தமை இதனாலேயே. கருவிக்கேற்ப நூலை விற்போர் ஒருபுறமிருக்க, எந்தக் கருவியிலும் வாசகர் கையிலே நிலைத்திருக்குமாறு நூலை ஆக்குவோரும் உளர் என்பதை இவை காட்டுகின்றன.

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், பலகைக்கணினி வாசிப்பானை அச்சுறுத்தியதா என்ற வினாவுக்கு விடையளித்தல் இயலும். அச்சுறுத்தியது, கருவியை மாத்திரம் விற்றோரைச் சந்தையிலிருந்து அகற்றியது, எஞ்சியதைக் கடைக்காரரின் துணைக்கருவியாக்கியது. ஆயின் அதனை அழிக்கவில்லை. ஏனெனில் நீண்ட வாசிப்பினை வேண்டும் வாசகர் இன்னும் உளர். வென்றது இவ்விரு கருவிகளுள் ஒன்றன்று. எந்தக் கருவியில் வாசித்தாலும் வாசகர் தன்னூடாகவே செல்லவேண்டியவாறு வாசலை அமைத்துக்கொண்ட மூலதனமே வென்றது. இழக்கப்பட்டது வாசிப்பானுமன்று, பலகைக்கணினியுமன்று. வாங்கிய நூலைத் தனதென்று கூறும் உரிமையே இழக்கப்பட்டது.

ஆகவே எந்தக் கருவியை வாங்கலாம் என்று கேட்கும் மாணவருக்கு, அவரவர் கண்ணுக்கும் கைக்கும் பைக்கும் ஏற்றதை வாங்குக என்று கூறுவதில் தவறில்லை. அதனுடன் இன்னொரு வினாவையும் கேட்குமாறு அவரைத் தூண்டுவதே எமது பல்கலைக்கழகங்களினதும் நூலகங்களினதும் கடனாகும். இந்நூல் நாளை என் தம்பியின் கைக்குச் செல்லுமா? அவ்வினாவுக்கு "ஆம்" என்ற விடை கிடைக்கும்வரை, மின்னூலின் வரலாறு முடிவுற்றதாகக் கொள்ளவியலாது.